கொல்லத்து அண்டியும் கழக்கூட்டத்து ஐடி வேலையும்

எங்கள் பக்கம் முந்திரி ஆலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை, அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், கருங்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் காலையில் தூக்குவாளியோடு அண்டி ஆபீஸுக்கு நடக்கும் பெண்களைப் பார்க்கலாம். என் சித்தி இருபத்தாறு வருடம் அப்படி நடந்தவர். அவருடைய மகள் இந்த வருடம் இன்ஜினியரிங் முடித்திருக்கிறாள், இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டிருக்கின்றன. போன மாதம் வீட்டுக்குப் போனபோது சித்தி கேட்டார்: "எல்லாரும் அவுட்சோர்சிங், அவுட்சோர்சிங்னு சொல்லுதாங்களே மக்ளே, அது நல்லதா கெட்டதா? இவள அதுக்கு விடலாமா?"

நான் பதினான்கு வருடமாகக் குழித்துறையில் ரயிலேறி, திருவனந்தபுரத்துப் பக்கம் கழக்கூட்டத்தில் இருக்கிற டெக்னோபார்க் ஐடி வளாகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவன். அப்படியிருந்தும் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. சித்திக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்லத் தொடங்கினேன், சொல்லச் சொல்ல எனக்கே பல விஷயம் பிடிபட்டது. ஐடி வேலைக்குப் போகிற பிள்ளைகளும் அவர்களை அனுப்புகிற வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அண்டி, அதாவது ஓட்டோடு இருக்கிற முந்திரிக்கொட்டை. இங்கே உடைபடுகிற அண்டியில் பெரும்பங்கு நம் தோட்டத்துக் கொல்லாமரத்தில் காய்த்ததில்லை, ஐவரி கோஸ்ட், பெனின், கானா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. இங்கே வறுத்து, கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி ஓடு நீக்கி, தோலெடுத்து, தரம் பிரித்து, மறுபடியும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்புகிறோம். டபிள்யூ 320 என்று ஒரு தரம் உண்டு, ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய 320 முழுப் பருப்பு நிற்கும் என்று அர்த்தம். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூட. பருப்பு உடைந்தால் விலை போய்விடும். அதனால் ஓட்டில் இருக்கிற எண்ணெய் விரலைப் பொசுக்காமலிருக்க சாம்பலைத் தேய்த்துக்கொண்டு, ஒரே தட்டில் பருப்பு முழுசாக வெளியே வரும்படி உடைக்கிற கைக்குத்தான் ஆபீஸில் மதிப்பு. சித்தியின் கை அப்படிப்பட்டது. ஆனால் அந்தப் பருப்பு வெளிநாட்டுக் கடையில் எந்தப் பெயர் போட்ட பாக்கெட்டில் தொங்குகிறது, என்ன விலை என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இந்தத் தொழில் முதலில் கொல்லத்தில் இருந்தது. அங்கே சங்கம் வலுத்து, கூலியும் சலுகைகளும் கூடக்கூட, முதலாளிகளில் பலர் எல்லை தாண்டி நம் பக்கம் ஆலை போட்டார்கள். அதே அண்டி, அதே வேலை, கூலி மட்டும் குறைவு. கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே களியக்காவிளை வழியாக நமக்கு வந்துவிட்ட சமாச்சாரம் இது.

இதில் இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தன் வேலையை வேறொரு கம்பெனியிடம் கொடுத்துச் செய்யச் சொன்னால் அது அவுட்சோர்சிங். வேலையை வேறு நாட்டுக்கு நகர்த்தினால், செய்கிறது தன் ஆட்களாகவே இருந்தாலும், அது ஆஃப்ஷோரிங். இரண்டும் சேர்ந்தும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். நாடு மாறாமல் மாநிலம் மட்டும் மாறினாலும், கொல்லத்து முதலாளி நம் ஊரில் தானே ஆலை போட்டால் அது இரண்டாவது வகை மாதிரி, இங்கே இருக்கிற ஒரு குடிசை ஆலையிடம் அண்டியைக் கொடுத்து உடைத்து வாங்கினால் முதல் வகை. உலகமயமாதல் என்பது இதற்கெல்லாம் கதவைத் திறந்துவிட்ட பெரிய மாற்றம். சரக்கும் பணமும் வேலையும் எல்லை தாண்டுவது எளிதாகிவிட்டது. ஆட்கள் தாண்டுவதுதான் இன்றைக்கும் சிரமம். 2025 செப்டம்பரில் அமெரிக்கா, அங்கே போய் வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவின் புதிய விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்ததை நினைத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் வேலை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசிஎஸ் 1968-ல் தொடங்கியது, 1970-களிலேயே வெளிநாட்டு வேலைகளை எடுத்தது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் சொந்த மையத்தை வைத்து, இங்கே எழுதிய மென்பொருளை சாட்டிலைட் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பிக் காட்டியது. 1990-ல் நாட்டின் முதல் டெக்னாலஜி பார்க்காக நம்முடைய டெக்னோபார்க் திருவனந்தபுரத்தில் வந்தது. 1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தது, ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது, எஸ்டிபிஐ (சாஃப்ட்வேர் டெக்னாலஜி பார்க்ஸ் ஆஃப் இந்தியா) என்ற அரசு அமைப்பு சிறு கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுத் தொடர்பு லைன் கொடுத்தது. அப்புறம் 2000-ம் வருடம் பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் படித்துவிடும் என்ற ஒய்2கே பயம். கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும், அமெரிக்காவில் அவ்வளவு ஆள் இல்லை, இங்கே இருந்தார்கள். அந்த வேலையில் உள்ளே நுழைந்த நம் கம்பெனிகள் திரும்பி வரவில்லை. இன்று இந்திய டெக் துறையின் ஆண்டு வருமானம் 25,000 கோடி டாலரைத் தாண்டியது, வேலை பார்க்கிறவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

சரி, இந்த வேலையில் காசு எப்படிப் பிரிகிறது? ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இருக்கிற ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, இங்கே இருக்கிற ஒரு ஆளின் வேலைக்கு மணிக்கு 25 டாலர் கொடுக்கிறது. மாதம் 160 மணி நேரம், 4,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 3,40,000 ரூபாய். அந்த ஆளின் கைக்கு வருவது 40,000. இதைக் கேட்டதும் சித்தி, "மீதி எங்க போவுது?" என்று கேட்டார். கட்டடம், கரண்ட், மேலாளர், அங்கே போய் வேலை பிடித்து வருகிற விற்பனை ஆட்கள், ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளம், வரி, கடைசியில் லாபம். எல்லாமே திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இப்படி இங்கிருந்து ஆள் கொடுக்கிற கம்பெனி இரண்டு மடங்கு சம்பாதிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆள் எடுக்க வேண்டும். அதனால்தான் கல்லூரிக்கு வந்து நூறு நூறு பேராக அள்ளிக்கொண்டு போனார்கள், நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான். ஆர்டர் குறைந்தால் முதலில் ஆளைக் குறைப்பதும் அதே காரணத்தால்தான்.

இது என் கண் முன்னால் நடந்தது. வேலையில் சேர்ந்த புதிதில், அமெரிக்காவில் ஒரு இன்சூரன்ஸ் கிளைம் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களிடமிருந்து அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். இதற்கு கே.டி. என்று பெயர், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்துக் கையளிப்பது. எனக்குச் சொல்லித் தந்தவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா. எங்களுக்கு ராத்திரி எட்டு மணி, அவருக்குக் காலை. எந்த வகை கிளைம் எந்த மாதத்தில் சிக்கும், எந்த ஆஸ்பத்திரி பில்லில் எந்தக் கட்டம் காலியாக வரும், அதை யாரிடம் கேட்க வேண்டும் என்று எந்த ஆவணத்திலும் இல்லாத விஷயங்களை ஆறு வாரம் பொறுமையாகச் சொன்னார். கடைசி நாளில், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வீடியோவை அணைத்தார். நாங்கள் ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டோம். அவருக்கு வேலை போகிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் அது என் மனசில் இறங்கவில்லை.

ஏழு வருடம் கழித்து அந்த இன்சூரன்ஸ் கம்பெனி கைமாறியது, வேலை பிலிப்பைன்ஸுக்குப் போனது. இந்த முறை கே.டி. கொடுத்தது நான். எதிரே திரையில் இருபத்து மூன்று வயதுப் பையன், நல்ல பிள்ளை, குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தான். அந்த அம்மா சொன்ன அதே வார்த்தைகளை நான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று மூன்றாவது நாள்தான் உறைத்தது. எங்கள் பதினான்கு பேர் டீமில் ஐந்து பேருக்கு வேறு ப்ராஜெக்ட் கிடைத்தது, மற்றவர்கள் பெஞ்ச், அப்புறம் ராஜினாமா. அன்றிலிருந்து அவுட்சோர்சிங்கால் நமக்கு லாபமா நஷ்டமா என்று யாராவது கேட்டால், எந்த வருடத்தில் நின்று கேட்கிறீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

ஒரு இடத்திலிருந்து வேலை கிளம்புவதற்கு இன்னொரு காரணம் இயந்திரம். இதையும் அண்டியே சொல்லும். வியட்நாம்காரர்கள் உடைப்பதற்கும் தோலெடுப்பதற்கும் தாங்களே இயந்திரம் செய்தார்கள், 2006 வாக்கில் பருப்பு ஏற்றுமதியில் நம்மைத் தாண்டிப் போனார்கள். கொல்லத்திலும் நம் பக்கமும் ஆலைகள் பல மூடிக்கிடப்பதற்குப் பின்னால் அது இருக்கிறது. சித்தியின் கை எவ்வளவு நுட்பமான கை என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும்தான் கணக்கு. இப்போது செயற்கை நுண்ணறிவு எங்கள் துறையில் அதைத்தான் செய்கிறது. டெஸ்டிங், எளிய கோடிங், முதல் கட்ட கஸ்டமர் சப்போர்ட் என்று புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் முதல் இரண்டு வருடம் கைபழகுகிற வேலைகள்தான் முதலில் குறைகின்றன. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் 2 சதவீதம், 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தவர்கள் என்பதால், அனுபவம் கூடினால் பயமில்லை என்றும் இனி நினைக்க முடியாது.

அதேநேரம் வேறொரு வகை வேலை கூடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளும் கார் கம்பெனிகளும் கடைச் சங்கிலிகளும் நடுவில் யாரிடமும் கொடுக்காமல் தாங்களே இந்தியாவில் மையம் வைக்கின்றன, ஜிசிசி என்கிறார்கள். 2024 கணக்கில் 1,700-க்கும் மேற்பட்ட மையங்கள், ஏறக்குறைய 19 லட்சம் பேர். மேலே சொன்ன இரண்டு சொற்களில் இது ஆஃப்ஷோரிங் மட்டும். சம்பளம் பொதுவாக நன்றாக இருக்கும், வேலையும் கொஞ்சம் ஆழமாக இருக்கும். முடிவுகள் எடுக்கப்படுகிற இடம் பெரும்பாலும் இன்னும் அங்கேதான், ஆனால் மெல்ல மெல்ல இங்கேயும் வருகிறது.

இனி ஸ்டார்ட்அப். அவுட்சோர்சிங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம், நிறைய உண்டு. எனக்கு மிகப் பிடித்த உதாரணம் எஸ்டோனியா. மொத்த நாட்டின் மக்கள்தொகையே 13 லட்சம் சொச்சம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 18.7 லட்சம் பேர். ஒரு ஸ்வீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும் சேர்ந்து, இணையம் வழியாகப் பேசுவதற்கான ஸ்கைப் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள், மென்பொருளை எழுதும் வேலை எஸ்டோனியாவில் இருந்த சில புரோகிராமர்களிடம் போனது. அங்கே கூலி குறைவு, கை நல்ல கை. 2003-ல் ஸ்கைப் வெளிவந்தது, 2005-ல் ஈபே 260 கோடி டாலருக்கு வாங்கியது. இதுவரைக்கும் நம் கதை மாதிரியேதான். வித்தியாசம் எங்கே என்றால், அந்த எஸ்டோனியப் புரோகிராமர்களுக்குக் கம்பெனியில் பங்கு இருந்தது, முழு மென்பொருளும் அவர்கள் கைக்குள் இருந்தது. விற்ற பணம் ஊருக்குள் வந்தது, ஊரில் புதுக் கம்பெனிகளுக்கு முதலாகப் போனது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற வைஸ் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஸ்கைப்பின் முதல் ஊழியர். ஆக, வெளியார் கொடுத்த வேலையிலிருந்துதான் அவர்களுடைய ஸ்டார்ட்அப் கூட்டமே முளைத்தது. வேலை வந்தால் மட்டும் இது நடந்துவிடாது. வேலையோடு பங்கும் முழுப் பொருளும் வந்தது, அதனால் நடந்தது.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட தொடர்ச்சி இருக்கிறது. செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-லிருந்து ஆபீஸ் வைத்திருக்கிறது, ஆரியங்காவு கணவாய்க் காற்று வீசுகிற ஊர். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. மணிக்கணக்கில் ஆள் கொடுக்கிற வழியில் போகாமல் சொந்த மென்பொருளைச் செய்து விற்றார்கள், வெளியாரிடம் முதலீடும் வாங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்து வேலையும் கொடுக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் ஒரு நண்பரோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரைக்கும் போனது. பங்கு வைத்திருந்த ஊழியர்கள் பலர் அன்றைக்குக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள்.

உலகமயமாதலால் சின்னக் கம்பெனிக்குக் கிடைத்த பெரிய வசதி, தொடங்கிய முதல் நாளிலேயே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்கலாம் என்பது. முன்பெல்லாம் சர்வர் வாங்கி அறையில் ஏசி போட்டு வைக்க வேண்டும். 2006-ல் அமேசான் தன் கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகு, மார்த்தாண்டத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டே கனடாவில் இருக்கிற பல் டாக்டருக்கு மென்பொருள் விற்கலாம். ஸ்டார்ட்அப்களும் நிறைய வேலையை அவுட்சோர்ஸ் செய்கின்றன, கணக்கு எழுதுவது, டிசைன், சட்ட வேலை. அதில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் பொருளின் உயிரான பகுதியை வெளியே கொடுத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு சின்ன மாற்றத்துக்கும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். என் நண்பர் ஒருவர் அப்படி நின்றார். தன் மென்பொருளின் மூலக் குறியீட்டை, அதாவது சோர்ஸ் கோடைக் கையில் வாங்கவே நாலு மாதம் ஆனது, அதற்குள் முதல் வாடிக்கையாளர் போய்விட்டார்.

இதில் இரண்டு கஷ்டமும் உண்டு. முதல் கஷ்டம் பணம். ஸ்டார்ட்அப்புக்கு வருகிற முதலீட்டில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பணம், அங்கே தும்மினால் இங்கே ஜலதோஷம். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க வட்டி விகிதம் 2023 நடுவில் 5 சதவீதத்தைத் தாண்டியது. சும்மா வங்கியில் போட்டாலே 5 சதவீதம் கிடைக்கும்போது கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ இருக்கிற ஒரு புதுக் கம்பெனியில் ஏன் போட வேண்டும்? முதலீடு வற்றியது, ஆட்களைக் குறைத்தார்கள். 2023 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் சிலிக்கான் வேலி பேங்க் விழுந்தபோது, அங்கே கணக்கு வைத்திருந்த இந்திய ஸ்டார்ட்அப்கள் சம்பளம் போட முடியுமா என்று ஒரு சனி ஞாயிறு முழுக்கத் தூங்கவில்லை. நம் ரப்பர்காரர்களுக்கு இது புதிதில்லை. குலசேகரத்தில் பால் வெட்டுகிறவர் ஷீட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதற்கு பாங்காக் சந்தையையும் கச்சா எண்ணெய் விலையையும்தானே பார்க்கிறார்.

இரண்டாவது கஷ்டம் ஆள். ஜிசிசி கொடுக்கிற சம்பளத்தை ஊரில் இருக்கிற பத்துப் பேர் கம்பெனியால் கொடுக்க முடியாது. பயிற்சி கொடுத்து இரண்டு வருடத்தில் கை தேர்ந்ததும் பிள்ளை பெங்களூருக்குப் போய்விடுகிறது. அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனசில்லை, வீட்டில் கடன் இருக்கும்.

ஆனாலும் நம் ஊர்ப் பிரச்சினையை வைத்தே பெரிதாக முடியும் என்பதற்கு ஜென்ரோபோடிக்ஸ் இருக்கிறது. கழக்கூட்டத்தில் எங்கள் வளாகத்திலேயே இருக்கிற கம்பெனி. பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்கிச் சாவதை நிறுத்த, கல்லூரி முடித்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து பேண்டிகூட் என்ற ரோபோவைச் செய்தார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் முதலில் இறக்கினார்கள், இன்று பல மாநிலங்களில் ஓடுகிறது. இதை எந்த அமெரிக்க வாடிக்கையாளரும் ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார். அங்கே இப்படிப் பாதுகாப்பில்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்கிச் சுத்தம் செய்விப்பது வழக்கமில்லை.

அப்போது சித்தியின் கேள்விக்கு வருவோம். அவளை விடலாமா? விடலாம் என்றுதான் சொன்னேன், ஆனால் சேருவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். இந்த வேலையில் வாடிக்கையாளரோடு நேராகப் பேச வருமா, இல்லை நாலு பேர் தாண்டி வருகிற டிக்கெட்டை, அதாவது புகாரை மட்டும் சரிசெய்து மூட வேண்டுமா? செய்கிற பொருள் யாருக்குச் சொந்தம்? இரண்டு வருடம் கழித்து இங்கே கற்றது அந்த ஒரு கம்பெனிக்கு வெளியே செல்லுமா? ஊழியர்களுக்குப் பங்கு உண்டா? வேலையைவிட, அந்த வேலை நடக்கிற துறையைப் படி என்றும் சொன்னேன். கிளைம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததால்தான் ப்ராஜெக்ட் போன பிறகும் நான் நின்றேன். வெறும் கோடிங் மட்டும் தெரிந்தவர்களுக்கு அது கஷ்டமாகிவிட்டது.

அவளுக்கு வந்த இரண்டில் ஒன்று பெரிய சர்வீஸ் கம்பெனி, மற்றது நாகர்கோவிலில் ஒன்பது பேர் சேர்ந்து நடத்துகிற, ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற இடம். கல்விக் கடன் மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கிறது. பெரியதையே எடுத்தாள். டெஸ்டிங்குக்குப் போகச் சொன்னபோது, ஹெல்த்கேர் டீமில் போட முடியுமா என்று கேட்டிருக்கிறாள், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நாகர்கோவில்காரர்களிடம் இரண்டு வருடம் கழித்துப் பேசுகிறேன் என்று சொல்லி நம்பரை வைத்திருக்கிறாள்.

சித்திக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. "இவளுக்கு இப்ப கெடச்சது ஓடு தட்டுற எடமா மக்ளே, தரம் பிரிக்கிற எடமா?" என்றார். "தட்டுற எடந்தாம்மா" என்று அவளே பதில் சொன்னாள், "அண்ணன் சொன்ன அமெரிக்காக்காரி மாதிரி எல்லாத்தையும் படிச்சிட்டு மாறணும்." திங்கள்கிழமை சேர்கிறாள், காலை ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.